நிக்கோட்டின் கம்: அதக்கணும், மெல்லக் கூடாது

தம்மை விட்டு எட்டு மாதம். இது இரண்டாவது முயற்சி. முதல் முயற்சி ஆறே நாளில் ஊத்திக்கொண்டதற்கு மன உறுதியைக் குறை சொல்ல மாட்டேன், தம் ஆசையை அடக்கும் இந்தக் கம்மைத் தின்ற லட்சணம் அப்படி. கடலூர் மஞ்சக்குப்பத்து மருந்துக்கடையில் அட்டையை நீட்டினார்கள், காசை வாங்கினார்கள். எப்படிப் போடுவது என்று ஒரு வார்த்தை இல்லை.

நாலைந்து தடவை மெதுவாகக் கடித்தால் மிளகைக் கடித்த மாதிரி சுருக்கென்று இருக்கும். அங்கேயே நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிவிட வேண்டும். சுருக்கு அடங்கியதும் மறுபடி நாலு கடி, இந்த முறை அடுத்த கன்னம். ஒரு கம் அரை மணி நேரம் வரும். நிக்கோட்டின் கன்னத்தின் உட்தோல் வழியாகத்தான் ரத்தத்தில் ஏறுகிறது. பபிள்கம் மாதிரி விடாமல் மென்றால் எச்சிலோடு வயிற்றுக்குள் போய் விக்கல், நெஞ்செரிச்சல், குமட்டல் எல்லாம் வரும். தம் ஆசை மட்டும் போகாது. வெற்றிலை அதக்கும் பாட்டிகளுக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம்.

அடுத்த தப்பு டீ. டீ, காபி, கோலா, எலுமிச்சை ஜூஸ் எதுவானாலும் கம் போடுவதற்கு 15 நிமிடம் முன்பே முடித்துவிட வேண்டும், வாயில் இருக்கும்போதும் கூடாது. வாயில் புளிப்பு ஏறினால் நிக்கோட்டின் உள்ளே போகாது. கையில் டீ கிளாஸ், வாயில் கம் என்று நின்றால் கம்முக்குக் கொடுத்த காசு தண்டம்.

அளவுக்கு ஒரே கேள்விதான். எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட்டா? அப்படியானால் 4 மி.கி., இல்லையென்றால் 2 மி.கி. போதும். 4 மி.கி.க்குக் கடையில் டாக்டர் சீட்டு கேட்பார்கள். அந்த அலைச்சலுக்குச் சோம்பி 2-ஐ வாங்கியதும் என் தப்புதான். முதல் 6 வாரம் ஒன்றிரண்டு மணிக்கு ஒன்று. ஆசை கழுத்தைப் பிடிக்கும்வரை காத்திருக்காமல் கடிகாரத்தைப் பார்த்துப் போடுங்கள். பிறகு இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய் 12 வாரத்தில் முடிக்கலாம். ஒரு நாளைக்கு 24-ஐத் தாண்டக் கூடாது. கர்ப்பிணிகளும் சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

கம்முக்குப் பதில் தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பேட்ச் என்றால், நம் கடலோரப் புழுக்கத்தில் உரிந்துகொண்டு வரும். குளித்து நன்றாகத் துவட்டி, முடியில்லாத மேல்கையில் வைத்து உள்ளங்கையால் பத்து விநாடி அழுத்துங்கள். தினமும் இடம் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் அரிக்கும். கெட்ட கனவு வந்தால் ராத்திரி கழற்றிவிடலாம்.

சிகரெட் அட்டையில் இருக்கும் 1800-11-2356, தம்மை விட உதவும் இலவச எண்தான், தமிழிலும் பேசுவார்கள். நாம் எல்லாரும் ‘திங்கட்கிழமையிலிருந்து விட்டுடறேன்’ என்போம். அவர்களுக்குத் திங்கட்கிழமைதான் லீவு! மற்ற நாள் காலை 8 முதல் இரவு 8 வரை.

தம் ஆசைக்கு இரண்டாம் மூன்றாம் நாள்தான் உச்சம். ஒவ்வொரு அலையும் ஐந்து நிமிடத்தில் இறங்கிவிடும், அதுவரை சில்வர் பீச்சில் ஒரு நடை. படபடப்பும் தூக்கமின்மையும் வந்தால் காபியைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். புகை போனபின் காஃபின் உடம்பில் அதிக நேரம் தங்கும், பழைய அளவே இப்போது தூக்கிப் போடும். மலச்சிக்கலும் வரும். கீரை, தண்ணீர்.

ஆல்பேட்டை செக்போஸ்ட்டைத் தாண்டிப் பாண்டிக்கு ‘பார்ட்டி’ போவதை முதல் மாதம் ஒத்திப்போடுங்கள். இரண்டு பெக் உள்ளே போனால் எந்தக் கம்மும் காப்பாற்றாது. அப்படியே ஒன்றைப் பிடித்துவிட்டாலும் ‘எல்லாம் போச்சு’ என்று பாக்கெட் வாங்காமல், மறுநாள் கம்மை அதே நேரத்தில் தொடருங்கள். ஹான்ஸ் மாதிரி வாயில் ஒதுக்கும் புகையிலைக்கு மாறுவது விட்டதாகாது.

12 வாரம் முடிந்தும் சட்டைப்பையில் ஒரு கம் அட்டை கிடக்கட்டும். போன மாதம் ஒரு கல்யாணப் பந்தி முடிந்து பங்காளி ஒருவர் பாக்கெட்டை நீட்டியபோது எனக்கு உதவியது அதுதான். ஒன்றை அதக்கிக்கொண்டு, ‘வாய் நிறைய வெத்தலை அண்ணே’ என்றேன்.