காதால் பரிசோதித்த சனலிங் தளம்

கொழும்பு பம்பலப்பிட்டியில் இருக்கும் எங்கள் சின்னக் கம்பெனிக்கு, ஒரு தனியார் மருத்துவமனையின் டொக்டர் சனலிங் தளத்தை, அதாவது டொக்டரைப் பார்க்க முன்கூட்டியே நம்பர் எடுக்கும் இணையத்தளத்தை, பராமரிக்கும் வேலை வந்தது. வேறு யாரோ கட்டிக் கொடுத்துவிட்டுப் போன தளம். அதோடு ஒரு முறைப்பாடும் கூடவே வந்தது. விழிப்புலனற்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், மகன் வீட்டில் இல்லாத நேரத்தில் தன்னால் ஒரு நம்பர்கூட எடுக்க முடியவில்லை என்று எழுதியிருந்தார்.

முதலில், இணையத்தளங்களைத் தானாகச் சோதித்துப் புள்ளி போடும் லைட்ஹவுஸ் என்ற கருவியை ஓட்டிப் பார்த்தேன். அணுகல்தன்மைக்கு, அதாவது மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த முடிகிறதா என்பதற்கு, தொண்ணூறுக்கு மேல் புள்ளி! படத்துக்கு மாற்று உரை இருக்கிறதா, எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையில் 4.5க்கு 1 என்ற நிற வேறுபாடு இருக்கிறதா என்பதையெல்லாம் அது பார்க்கும். ஒரு மனிதரால் இந்தத் தளத்தில் நம்பர் எடுக்க முடியுமா என்பது அதற்குத் தெரியாது. அந்தப் புள்ளியைக் காட்டிக் கதையை முடித்துவிடுகிற ஆட்களை எனக்குத் தெரியும். நாங்கள் அந்த ஆசிரியரையே, எங்களுக்கு 'சேர்', ஒபிசுக்குக் கூப்பிட்டோம்.

சொந்த லேப்டொப்போடு வந்தார். அதில் என்விடிஏ. அவுஸ்திரேலியாவில் இரண்டு விழிப்புலனற்ற புரோகிராமர்கள் 2006இல் தொடங்கிய திரைவாசிப்பான் அது, திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துச் சொல்லும் மென்பொருள், இலவசம். காசு கொடுத்து வாங்கும் ஜோஸ் என்ற திரைவாசிப்பான் பக்கம் போகத் தேவையில்லை என்பதால் இங்கே பலருக்கும் அதுதான் கைகொடுக்கிறது. ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஒலியைத் திறந்துவிடச் சொன்னோம். அந்த வேகம் எங்கள் ஒருவருக்கும் பிடிபடவில்லை. "மெதுவாக்கவா தம்பி?" என்று கேட்டுச் சிரித்தார்.

தமிழ்ப் பக்கத்தைத் திறந்தார். குரல் தடுமாறியது. சில இடத்தில் எழுத்தெழுத்தாக உளறியது, சில வரியை அப்படியே விழுங்கியது. காரணத்தைத் தேடிப் போனால், பக்கத்தின் நிரலில் தொடக்க வரியில், பக்கம் எந்த மொழி என்று சொல்லும் 'லாங்' என்ற இடத்தில் ஆங்கிலம் என்று எழுதி வைத்திருந்தார்கள். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்று பக்கத்துக்கும் அதே வரிதான். மொழிக்குறி இருக்கிறது, செல்லுபடியான குறிதான், அதனால் லைட்ஹவுஸ் பச்சை காட்டிவிட்டது. என்விடிஏயோடு வரும் ஈஸ்பீக் குரலுக்குத் தமிழும் தெரியும், சிங்களமும் தெரியும். எது எந்த மொழி என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

பக்கத்துக்குப் பக்கம் மொழியைச் சரியாகக் குறித்தோம். தமிழ்ப் பக்கத்தின் மேல் மூலையில் இருக்கும் 'சிங்களம்' என்ற இணைப்புக்கும் தனியாக ஒரு குறி போட்டோம், ஏனென்றால் அது சிங்கள எழுத்தில் இருக்கிறது. இணைய அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி விதிகளில் ஆட்பெயர்களுக்கு இந்த விடயத்தில் விலக்கு உண்டு. ஆனாலும் ஆங்கில எழுத்தில் கிடந்த டொக்டர்களின் பெயர்களுக்கும் குறி போட்டோம். சனலிங் தளத்தில் பெயர்தானே எல்லாம்.

அடுத்தது பாமினி. மருத்துவமனையிலிருந்து வரும் அறிவித்தல்களை இன்னும் பாமினி எழுத்துருவில் தட்டித்தான் அனுப்புகிறார்கள். பழைய ஆட்கள் அந்த எழுத்துருவைத் தளத்திலேயே ஏற்றிவிட்டு, வந்ததை அப்படியே ஒட்டியிருந்தார்கள். கண்ணுக்கு வடிவான தமிழ். உள்ளே பார்த்தால் 'அம்மா' என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். திரைவாசிப்பான் வாசிப்பதும் அதைத்தான். "இது என்ன தம்பி, கெட்ட வார்த்தையா?" என்றார் சேர். வழக்கமான தானியங்கிச் சோதனை எதுவும் இதைப் பிடிக்கவில்லை. அதற்கு அது வெறும் ஆங்கில எழுத்து. எல்லாவற்றையும், தமிழைத் தமிழாகவே சேமிக்கும் யுனிகோடுக்கு மாற்றினோம். மாற்றிக் கருவிகள் கொம்பு, சுழிகளில் அங்கங்கே சறுக்கும், அதனால் ஒரு தரம் கண்ணாலும் வாசித்துத் திருத்த வேண்டியிருந்தது. அறிவித்தல் தட்டும் பிள்ளைக்கு யுனிகோடு விசைப்பலகையைப் போட்டுக் கொடுத்தது தனிக்கதை.

நேரம் தெரிவு செய்யும் கட்டங்கள் பெரிய வேலை வாங்கின. எல்லாம் 'டிவ்', அதாவது நிரலில் இது பட்டன் என்று சொல்லாத வெறும் பெட்டி. மவுஸால் அழுத்தினால் வேலை செய்யும், டாப் விசையில் போனால் அங்கே ஒன்றும் இல்லை. பச்சை என்றால் இடம் இருக்கிறது, சிவப்பு என்றால் நிரம்பிவிட்டது. அதைச் சொல்ல நிறத்தைத் தவிர ஒன்றுமில்லை. இது பட்டன் என்று திரைவாசிப்பானுக்கு மட்டும் சொல்லும் 'ஏரியா' குறிகளை அள்ளித் தெளித்து இதைச் சரிக்கட்டலாம் என்று எங்கள் பையன் ஒருவன் சொன்னான். நான் விடவில்லை. எச்டிஎம்எல்லில் பட்டன் என்று ஒன்று இருக்கும்போது டிவ்வுக்கு வேஷம் கட்டுவது வீண் வேலை. பட்டனாக மாற்றியதும் டாப், என்டர், ஸ்பேஸ் மூன்றும் சும்மாவே வேலை செய்தன. நிறத்தோடு 'நிரம்பிவிட்டது' என்ற சொல்லையும் சேர்த்தோம். ஒவ்வொரு டொக்டருக்குக் கீழேயும் வெறும் 'பதிவு செய்க' என்று இருந்த பட்டனில், திரைவாசிப்பானுக்கு மட்டும் கேட்கும்படி டொக்டரின் பெயரையும் வைத்தோம். டொக்டர்களின் பெயர்களைத் தலைப்புகளாக்கினோம். திரைவாசிப்பானில் தலைப்புக்குத் தலைப்பு தாவ வைக்கும் எச் விசையைத் தட்டித் தட்டி சேர் ஒரு டொக்டரிலிருந்து அடுத்தவருக்குத் தாவினார்.

அடையாள அட்டை இலக்கத்தைப் பிழையாகத் தட்டினால் கட்டத்தின் ஓரம் சிவக்கும், அவ்வளவுதான். இப்போது பிழை என்னவென்று எழுத்தில் வரும், குறிமுள்ளும் அந்தக் கட்டத்துக்கே போய் நிற்கும். படப் புதிர் கப்சாவைத் தூக்கிவிட்டோம், ஃபோனுக்கு ஓடிபி வருகிறதே. ஓடிபிக்கான நேரம் முடியப்போகிறது என்று முன்னாலேயே சொல்லி, நீட்டிக்க ஒரு பட்டனும் வைத்தோம்.

மருத்துவமனை முகாமையாளர், "விழிப்புலனற்றவர்கள் எத்தனை பேர் வரப்போகிறார்கள்?" என்று கேட்டார். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தையும், அதே உரிமைகளுக்கான, இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. சமவாயத்தையும் சொல்லிப் பார்த்தேன். அசையவில்லை. அப்புறம் அவருடைய ஃபோனில் எழுத்தை 200 சதவீதத்துக்குப் பெருப்பித்துத் தளத்தைத் திறந்து காட்டினேன். பட்டன்களின் உயரத்தைக் கட்டிப்போட்டிருந்ததால் தமிழ்ச் சொற்கள் பாதியில் வெட்டுப்பட்டன, மேலே சுழியும் கீழே வளைவும் காணாமல் போயின. "என் அம்மா இப்படித்தான் ஃபோன் பார்க்கிறா" என்றார். கை உடைந்து மாவுக்கட்டோடு, மவுஸ் பிடிக்க முடியாமல் நம்பர் எடுப்பவரும் உங்கள் நோயாளிதான் என்றேன். சரி, செய்யுங்கள் என்றார்.

இப்போது சேர் தானாகவே நம்பர் எடுக்கிறார், காசு கட்டும் பக்கம் வரைக்கும். அந்தப் பக்கம் வங்கியுடையது, எங்கள் கை அங்கே எட்டாது. அட்டையின் காலாவதித் திகதிப் பெட்டிக்குப் பெயரே இல்லை. எந்தப் பெட்டி, எந்த விசை, என்ன கேட்கிறது என்று ஒலிப்பதிவோடு எழுதி அனுப்பியிருக்கிறோம். பதில் வரும்வரை 'மருத்துவமனையில் வந்து கட்டுகிறேன்' என்ற தெரிவை அந்தப் பக்கத்துக்கு முன்னாலேயே வைத்திருக்கிறோம்.