கிரியேட்டினின் கூடுதலாக இருந்தபோது கிட்னிக் கட்டியைப் பார்த்த விதம்

கிட்னியில் ஏதோ இருக்கிறது என்று ஸ்கேன் ரிப்போர்ட் வந்து, கூடவே ரத்தத்தில் கிரியேட்டினினும் (கிட்னி வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறிக் கிடந்தால் அடுத்து எங்கே போவது? கேட்டவர்கள் எல்லாரும் சி.டி. எடுங்கள் என்றார்கள். சி.டி. எடுக்கிற இடத்தில் கிரியேட்டினினைப் பார்த்துவிட்டு, படம் தெளிவாகத் தெரிவதற்கான கான்ட்ராஸ்ட் மருந்தை ஏற்ற முடியாது, கிட்னி டாக்டரிடம் எழுதி வாங்கிவாருங்கள் என்றார்கள். இந்த இடுக்கில் மாட்டி, நுண்ணிய குமிழிகளை ஊசியில் ஏற்றி எடுக்கிற மைக்ரோபபிள் அல்ட்ராசவுண்டு ஸ்கேன் வழியாக வெளியே வந்த கதையைத்தான் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, கரூரில் ஒரு ஜவுளி ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்கு பார்க்கிறவள். டாக்டர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டு எனக்குப் புரிந்ததை என் பாஷையில் சொல்கிறேன், உங்கள் விஷயத்தில் முடிவு சொல்ல வேண்டியவர் உங்கள் டாக்டர்தான்.

அப்பாவுக்கு வயது 71, பல வருடச் சர்க்கரை. கேஸ் தொல்லை, வயிறு உப்பிக்கொள்கிறது என்று போனவருக்கு எதற்கும் இருக்கட்டும் என்று வயிற்று ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்கள். வயிற்றில் ஒன்றும் இல்லை. ஆனால் இடது கிட்னியின் நடுப்பகுதியில் 3.2 செ.மீ. அளவில் ஒன்று இருக்கிறது, சிஸ்டா (நீர்க்கட்டி) சதைக்கட்டியா என்று தெரியவில்லை, வலது கிட்னியிலும் ஓரிடம் புடைத்தாற்போல் இருக்கிறது என்று எழுதியிருந்தது. கடைசி வரியில் கேன்சர் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொள்ளவும் என்று ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம். அந்தத் தாளை எந்த விளக்கமும் இல்லாமல் கவுன்டரில் பில்லோடு சேர்த்துப் பின் அடித்துக் கொடுத்துவிட்டார்கள், அப்பா பஸ்ஸில் வரும்போதே எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டார். இதை வேறு மாதிரி செய்திருக்கலாம் என்று எனக்கு இன்னும் கோபம் உண்டு.

கிட்னியில் இப்படிச் சின்னதாகக் கண்ணில் படுவதில் பெரும்பாலானவை வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரிபவைதானாம். அதிலும் வயதானவர்களுக்குச் சாதாரண நீர்க்கட்டி சர்வசாதாரணம், அதை யாரும் கண்டுகொள்வதே இல்லை. சிக்கல், தண்ணீர் மாதிரியும் இல்லாமல் சதை மாதிரியும் இல்லாமல் நடுவில் நிற்கிறவற்றில்தான். அப்பாவுடையது அந்த ரகம்.

யூராலஜிஸ்ட் (கிட்னி, சிறுநீர்ப்பாதை சர்ஜன்) முதலில் மருந்து ஏற்றாத பிளெயின் சி.டி. மட்டும் எடுக்கச் சொன்னார். சி.டி.யில் எதன் அடர்த்தியையும் எண்ணாகப் படிக்கலாம், ஹவுன்ஸ்ஃபீல்டு யூனிட் என்று பெயர், தண்ணீர் 0, கொழுப்பு மைனஸில் போகும். கட்டிக்குள் கொழுப்பு தெரிந்தால் அது அநேகமாக ஆஞ்சியோமயோலிப்போமா என்ற சாதுவான கட்டி. 20-க்குள் ஒரே சீராக இருந்தால் நீர்க்கட்டி, 70-க்கு மேல் ஒரே சீராக இருந்தால் பழைய ரத்தம் தேங்கிய கட்டி, இரண்டையும் பெரும்பாலும் விட்டுவிடலாம். அப்பாவுக்கு வந்தது 38. நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது.

38 வந்தால் அடுத்த கேள்வி ஒன்றே ஒன்றுதான்: அதற்குள் ரத்தம் ஓடுகிறதா? வழக்கமாக இதற்கு அயோடின் கலந்த கான்ட்ராஸ்ட் மருந்தை நரம்பில் ஏற்றி, ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் சி.டி. எடுத்து, அந்த எண் 20-க்கு மேல் கூடியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். கூடினால் ரத்தம் ஓடுகிறது, 10-க்குள் என்றால் இல்லை, 10-க்கும் 20-க்கும் நடுவில் வந்தால் சி.டி.யாலும் சொல்ல முடியாது, மறுபடியும் நடு. அப்பாவின் கிரியேட்டினின் 2.4, ஈ.ஜி.எஃப்.ஆர். (கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்ற கணக்கு) 28. முப்பதுக்குக் கீழே போனால்தான் எல்லாரும் தயங்குகிறார்கள்.

இங்கே நெஃப்ராலஜிஸ்ட் (கிட்னி டாக்டர்) சொன்னது எனக்கு முக்கியமாகப் பட்டது. கான்ட்ராஸ்ட் ஏற்றினால் கிட்னி போய்விடும் என்ற பயம் முன்பு இருந்த அளவுக்கு இப்போது இல்லை, அமெரிக்க ரேடியாலஜி அமைப்பும் அங்குள்ள கிட்னி அமைப்பும் சேர்ந்து 2020-இல் அந்த ஆபத்து மிகைப்படுத்தப்பட்டது என்றே எழுதிவிட்டார்கள், முப்பதுக்குக் கீழே இருப்பவர்களுக்கும் வேறு வழியில்லை என்றால் சலைன் ஏற்றிவிட்டுச் செய்வோம் என்றார். “ஆனா வேற வழி இருக்கும்போது எதுக்குங்க அதைத் தொடணும்? மைக்ரோபபிள் ஸ்கேன் ஒண்ணு இருக்கு, முதல்ல அதைப் பாருங்க.” எம்.ஆர்.ஐ.யும் யோசனையில் இருந்தது. அதில் ஏற்றுகிற கெடோலினியத்துக்கும் கிட்னி மோசமானவர்களுக்குத் தோல் இறுகிப்போகிற ஒரு நோய்க்கும் தொடர்பு இருப்பது 2006 வாக்கில் தெரியவந்தது, இப்போது வருகிற புதிய வகைகளில் அந்த ஆபத்து மிகவும் குறைவு. அதனால் பபிள் ஸ்கேனில் தெளிவு கிடைக்காவிட்டால் எம்.ஆர்.ஐ. என்று முடிவானது.

பபிள் ஸ்கேன் எங்கே செய்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் பெரிய பாடு. போன் போட்டால் “கான்ட்ராஸ்ட்னா சி.டி.தாங்க மேடம், அல்ட்ராசவுண்டுல எப்படிங்க கான்ட்ராஸ்ட்?” என்று எனக்கே பாடம் எடுத்தார்கள். ஓரிடத்தில் இருக்கிறது என்று வரச்சொல்லிவிட்டு, போனதும் சாதாரண டாப்ளரைப் பார்த்து அனுப்பப் பார்த்தார்கள். டாப்ளர் வேகமாக ஓடும் ரத்தத்தைக் காட்டும், மெல்லிய நாளங்களில் ஊர்ந்து போகிற ரத்தம் அதில் சரியாகத் தெரியாது. கடைசியில் கோயம்புத்தூரில் ஒரு ரேடியாலஜிஸ்ட் கிடைத்தார். மருந்தை வரவழைக்க வேண்டும், வந்ததும் கூப்பிடுகிறோம் என்றார்கள், சொன்னபடி கூப்பிட்டார்கள்.

அங்கே போனதும் நிறையக் கேட்டார்கள். நெஞ்சுவலி வந்திருக்கிறதா, இதயத்தில் பிறவி ஓட்டை ஏதும் உண்டா, நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தம் கூடுதல் என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா. அப்புறம் ஒரு வினோதமான கேள்வி: குடலைச் சுத்தம் செய்யக் கரைத்துக் குடிக்கக் கொடுப்பார்களே ஒரு பவுடர், அதைக் குடித்து எப்போதாவது ஒவ்வாமை வந்ததா? அந்தப் பவுடரில் இருக்கும் பாலிஎத்திலீன் கிளைக்கால் இந்த ஊசி மருந்திலும் இருக்கிறதாம், அதற்கு அலர்ஜி இருந்தால் போடக்கூடாதாம். இவ்வளவு கேட்கிறார்களே என்று எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது.

எந்த ஸ்கேன் சென்டருக்குப் போனாலும் சுவரில் தொங்கும் அந்த ஆணா பெண்ணா சொல்லமாட்டோம் போர்டு இங்கும் இருந்தது. அதற்குக் கீழே அப்பாவைப் படுக்க வைத்து, முழங்கை மடிப்பில் ஊசிக்குழாய் போட்டார்கள். மருந்து ஒரு சின்னக் குப்பியில் வெள்ளைப் பொடியாக இருந்தது. அதில் சலைனைச் செலுத்தி டாக்டரே கையில் பிடித்து வேகமாகக் குலுக்கினார், பால் மாதிரி வெளுத்துவிட்டது. அந்த வெளுப்பு முழுவதும் குமிழிகள், சிவப்பணுவை விடச் சிறியவை, உள்ளே சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளூரைடு என்ற வாயு, மேலே மெல்லிய கொழுப்பு உறை. இதைக் கேட்டுக்கொண்டிருந்த அப்பா சட்டென்று தலையைத் தூக்கினார். “ஏனுங் டாக்டர், கேசையா ஏத்தறீங்க? நான் கேஸ் தொல்லைன்னுதானுங்க ஆஸ்பத்திரிக்கே வந்தேன்!” நர்ஸ் அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டார். “இது மூச்சுல போயிருமுங்கய்யா, கால் மணி நேரத்துல அநேகமா ஒண்ணும் இருக்காது” என்றார் டாக்டர்.

விஷயமே அதுதான். இந்த மருந்து கிட்னி வழியாக வெளியேறுவதில்லை, வாயு நுரையீரல் வழியாகப் போய்விடுகிறது, அயோடினும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை. ஈ.ஜி.எஃப்.ஆர். எவ்வளவு இறங்கியிருந்தாலும் கிட்னிக்கு இதனால் கெடுதல் இல்லை. இன்னொன்று, சி.டி. மருந்து ரத்தக்குழாயிலிருந்து கசிந்து சுற்றிலும் பரவும், இந்தக் குமிழிகள் குழாயை விட்டு வெளியே வருவதே இல்லை. ஆகவே திரையில் குமிழி தெரிந்தால் அங்கே ரத்தக்குழாய் இருக்கிறது என்று அர்த்தம்.

திரை இரண்டாகப் பிரிந்திருந்தது, ஒரு பக்கம் வழக்கமான சாம்பல் படம், மறுபக்கம் கிட்டத்தட்ட கும்மிருட்டு. ஒலியின் சக்தியை மிகவும் குறைத்து வைத்திருந்தார், கூட்டினால் குமிழிகள் உடைந்துவிடும். மருந்தைப் போட்டு, பின்னாலேயே சலைனைத் தள்ளி, நர்ஸ் டைமரை அமுக்கினார். முதலில் வலது கிட்னி. பத்துப் பதினைந்து நொடியில் இருட்டுப் பக்கத்தில் கோடாக ஒன்று மின்னியது, அடுத்த கணம் கிட்னியின் வெளி ஓரம் முழுவதும் வெளிச்சமானது, பிறகு உள்ளே இருக்கும் முக்கோணங்கள் மெதுவாக நிறைந்தன. சந்தேகப்பட்ட புடைப்பு, ஓரம் வெளிச்சமான அதே நொடியில் அதே அளவுக்கு வெளிச்சமாகி, கடைசி வரை அப்படியே இருந்தது. டாக்டர் திரும்பாமலேயே “இது கட்டியே இல்லைங்க, கிட்னியோட சொந்தச் சதை. பெர்டின் தூண்னு சொல்லுவோம், சிலருக்குக் கொஞ்சம் தடிமனா இருக்கும்” என்றார். பஸ்ஸில் அப்பா படித்த ரிப்போர்ட்டில் பாதி அங்கேயே காலி.

இடது பக்கத்துக்குக் குமிழிகள் அடங்கும்வரை காத்திருந்து மறுபடி ஊசி. குடலில் காற்று மறைத்ததால் அப்பாவை ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, மூச்சை இழுத்துப் பிடிங்க, விடுங்க, பிடிங்க என்று பாடாய்ப் படுத்தினார்கள். கிட்னி முழுவதும் ஒளிர்ந்துவிட்டது, அந்த 3.2 செ.மீ. மட்டும் நடுவில் கறுப்பாக நின்றது. எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம், குமிழியே நுழையாவிட்டால் நீர்க்கட்டிதான் என்று முன்பே சொல்லியிருந்தார்களே. டாக்டர் மட்டும் கையை எடுக்கவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கறுப்புக்குள் ஒரு புள்ளி, அப்புறம் இன்னொன்று, அப்புறம் மங்கலாக முழுவதும். பக்கத்துச் சதையின் வெளிச்சத்தை அது கடைசிவரை எட்டவில்லை, ஆனால் ரத்தம் ஓடுகிறது. பட்டனை அமுக்கி ஒரு தடவை எல்லாக் குமிழிகளையும் உடைத்துவிட்டு, திரும்ப நிறைவதையும் பார்த்தார். மறுபடியும் அதே மந்தமான நிறைவு.

வேறு அறையில் உட்கார வைத்து விளக்கினார். கிட்னி கேன்சரில் அதிகம் வருகிற கிளியர் செல் வகை பெரும்பாலும் வேகமாக, பளிச்சென்று நிறையும். பாப்பில்லரி வகை இப்படி மெதுவாக, மங்கலாக நிறையும், சி.டி.யில் அந்த 10-20 சந்தேகத்தில் அடிக்கடி மாட்டுவதும் இதுதான், ரத்த ஓட்டம் அவ்வளவு குறைவு. இருந்தாலும் படத்தை மட்டும் வைத்துப் பெயர் சூட்டமாட்டேன் என்றார், ஆன்கோசைட்டோமா என்று கெடுதல் செய்யாத கட்டி ஒன்று உண்டு, அது படத்தில் கேன்சர் மாதிரியே இருக்குமாம். சிஸ்ட்களைத் தரம் பிரிக்கும் போஸ்னியாக் எண் ரிப்போர்ட்டில் ஏன் இல்லை என்றும் கேட்டேன் (நியூயார்க் ரேடியாலஜிஸ்ட் ஒருவர் 1986-இல் சி.டி.க்காக வகுத்தது). அது தண்ணீர் இருக்கிற கட்டிகளுக்கு மட்டும், அப்பாவுடையது முழுக்கச் சதை. நீர்க்கட்டிகளுக்கு அந்த எண்ணைப் போடும்போதும் பபிள் ஸ்கேனில் ஒரு வம்பு உண்டாம், மெல்லிய தடுப்புச்சுவரில் ஒன்றிரண்டு குமிழி ஓடுவதுகூடத் தெரிந்துவிடும், சாதுவான சிஸ்ட்டையும் ஒரு படி மேலே ஏற்றிவிடும் ஆபத்து. அதனால் 2020-இல் ஐரோப்பாவில் இந்த ஸ்கேனுக்கென்று தனியாகத் திருத்தி வகுத்தார்கள்.

பபிள் ஸ்கேனால் எல்லாம் முடிந்துவிடாது. ஒரு தடவைக்கு ஓரிடத்தைத்தான் பார்க்க முடியும், நுரையீரலுக்கோ நிணநீர்க் கணுக்களுக்கோ பரவியிருக்கிறதா என்று அது சொல்லாது. நெஞ்சுக்குத் தனியாக மருந்தில்லாத சி.டி. எடுத்தோம், சுத்தமாக இருந்தது. பிறகு பயாப்சி. ஊசி குத்தினால் பரவிவிடும் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்தினார்கள். அப்படி ஆவது மிக அரிது, வெளியே ஒரு உறைக்குழாயை வைத்து அதற்குள்தான் ஊசியை விடுவோம் என்றார் டாக்டர். முன்கூட்டியே ஈகோஸ்பிரினை (ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஆஸ்பிரின் மாத்திரை) நிறுத்தச் சொன்னார்கள், அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே எடுத்தார்கள், ஒருநாள் சிறுநீர் லேசாகச் சிவந்தது, அவ்வளவுதான். ரிசல்ட் பாப்பில்லரி கார்சினோமா.

அப்பாவிடம் நானே சொன்னேன். “சரி அம்மிணி, கேசுக்கு என்ன பண்றதாம்?” என்று கேட்டார்.

4 செ.மீ.க்குள் இருந்ததால் வழிகள் இருந்தன: கட்டியைச் சூட்டாலோ குளிராலோ பொசுக்குவது, கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டே இருப்பது, கட்டியை மட்டும் வெட்டி எடுப்பது. கிட்னியை முழுதாக எடுத்தால் டயாலிசிஸ் வரை போக நேரிடலாம் என்பதால் அந்தப் பேச்சே எழவில்லை. கட்டியை மட்டும் எடுத்தார்கள். கிரியேட்டினின் இப்போது 2.6-இல் நிற்கிறது. தொடர்ந்து பார்ப்பதற்கும் பபிள் ஸ்கேனும் பிளெயின் சி.டி.யும்தான்.

இதே நிலையில் யாராவது அலைந்துகொண்டிருந்தால், ஸ்கேன் சென்டருக்குப் போன் செய்யும்போது கான்ட்ராஸ்ட் இருக்கிறதா என்று கேட்காதீர்கள், சி.டி. என்று நினைத்து இருக்கிறது என்பார்கள். மைக்ரோபபிள் ஊசி போட்டுச் செய்யும் அல்ட்ராசவுண்டு, மெஷினில் அதற்கான கான்ட்ராஸ்ட் மோட் இருக்கிறதா, கிட்னிக்குச் செய்து பழகிய டாக்டர் என்றைக்கு வருவார் என்று கேளுங்கள். இந்த ஸ்கேன் படுத்திருப்பவரின் உடம்புவாகையும் பார்ப்பவரின் கையையும் ரொம்பவே நம்பியிருக்கிறது, பருத்த உடம்பில் ஆழமாக இருக்கும் கட்டிகள் சரியாகத் தெரியாது என்று அவர்களே சொல்கிறார்கள். ரிப்போர்ட் தாளோடு வீடியோவையும் டிஸ்க்கில் பதிந்து வாங்கிக்கொள்ளுங்கள், எங்கள் யூராலஜிஸ்ட் தாளை ஓரமாக வைத்துவிட்டு அந்த வீடியோவைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்.