எண்ணெய்த் திமிங்கிலம்: முல்லைத்தீவு நாட்குறிப்பு

சித்திரை 4
விடியற்காலையில் கரைக்கு வந்த சித்தப்பா சொன்னார்: "பெரிசு ஒண்டு மூச்சு விட்டது பிள்ளை. நேரே எழும்பேல்லை, முன்னுக்குச் சரிஞ்சு பீச்சினது." எனக்கு அது போதும். நீலத் திமிங்கிலத்தின் மூச்சு நேரே உயரும். எண்ணெய்த் திமிங்கிலத்துக்கு மூக்குத் துளை ஒன்றுதான், தலையின் முன்நுனியில், இடப்பக்கமாக. அதனால் மூச்சும் அந்தப் பக்கமே சரியும். திருகோணமலைப் பக்கம் கண்டாராம். அங்கே கரைக்குக் கிட்டவே கடலடிப் பள்ளத்தாக்கு இறங்குகிறது. ஆழமும் இரைக்குக் கணவாயும் உள்ள இடம்தான் இதற்கு வேண்டும்.

சித்திரை 5
டியூசன் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய், கயிறு பிடித்து மணலில் 16 மீற்றர் கோடு கீறினோம். நன்றாக வளர்ந்த ஆணின் நீளம் அது. பெண் 11 மீற்றர் அளவில் நின்றுவிடும். மூன்றில் ஒரு பங்கு தலை என்று பிரித்துக் காட்டியதும், "ரீச்சர், இவ்வளவும் மூளையா?" என்றான் ஒருவன். மூளை 8 கிலோ அளவுதான். ஆனாலும் உலகில் எந்த விலங்குக்கும் அதைவிடப் பெரிய மூளை இல்லை.

சித்திரை 7
மிச்சத் தலையில் என்ன இருக்கிறது என்று இன்று விளங்கப்படுத்தினேன். பெரும்பகுதி எண்ணெய், மெழுகு: பெரிய ஆணில் 1,900 லீற்றர் வரை. வெளிச்சம் எட்டாத ஆழத்தில் இரை தேடும் கருவியே அதுதான். மூக்கின் நுனியில் பிறக்கும் 'டிக்' ஒலி எண்ணெய்ப் பை வழியாகப் பின்னே போய், மண்டையோட்டை ஒட்டிய காற்றறையில் பட்டுத் திரும்பி, கீழ்ப்பகுதிக் கொழுப்பு வழியே குவிந்து வெளியேறுகிறது. கணவாயில் பட்டு வரும் எதிரொலியைக் கீழ்த்தாடை வாங்கிக் காதுக்குக் கடத்துகிறது. விலங்குகள் எழுப்பும் ஒலிகளில் இதைவிட உரத்தது எதுவும் அளக்கப்படவில்லை. இப்படி ஒரு தலையை மெழுகுதிரிக்கும் விளக்கெரிக்கும் எண்ணெய்க்குமாக வெட்டிப் பிளந்தார்களே என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

சித்திரை 8
பல் கீழ்த்தாடையில் மட்டுமே வெளியே தெரியும். பக்கத்துக்கு 20 முதல் 26 வரை.

சித்திரை 11
ஒரு மணிநேரம் மூச்சடக்கி, 1 கிலோமீற்றருக்கும் கீழே போகும். அந்த அழுத்தத்தில் நுரையீரல் சுருங்கிவிடும். விலா எலும்புகள் முறியாமல் வளைந்துகொடுக்கும். ஒட்சிசனில் பெரும்பங்கு தசையிலும் இரத்தத்திலும் சேமித்திருக்கும். அதனால்தான் இறைச்சி கறுத்துக் கிடக்கும்.

அப்புறம், ஈற்றுக்கு ஒரே குட்டி, வயிற்றில் ஒரு வருடத்துக்கும் மேல். அடுத்த குட்டிக்கு நாலைந்து வருடமாகும். 1979இல் இந்து சமுத்திரம் திமிங்கிலச் சரணாலயமானது. வேட்டை நின்றாலும் கப்பலும் வலையும் இருக்கின்றனவே. அறுந்த வலைத் துண்டுகளைக் கடலில் விட்டுவிடாமல் கரைக்குக் கொண்டுவாருங்கள் என்று சித்தப்பாவிடம் கேட்டேன். "சரி பிள்ளை, மற்றப் பெடியளிட்டையும் சொல்லுறன்" என்றார்.