அசல் குறையத் தொடங்கிய வருடம்

ஜனவரி 5

வீட்டில் இருக்கும் கடன் காகிதம் அத்தனையையும் இன்று தரையில் பரப்பினோம். வீட்டுக் கடன், வாகனக் கடன், கிரெடிட் கார்டு, பெரியண்ணனிடம் வாங்கிய கைமாற்று. ஒவ்வொன்றுக்கும் நிலுவை எவ்வளவு, வட்டி எவ்வளவு, தவணைத் தேதி என்ன, முன்கூட்டியே முடித்தால் கட்டணம் உண்டா என்று ஒரு நோட்டில் எழுதினேன். பாதியிலேயே இவருக்குத் தலை வலித்தது. எனக்கு எழுந்திருக்கவே மனம் வரவில்லை. பொடி எழுத்தில் இருக்கும் நிபந்தனைகளை வரி வரியாகப் படிப்பது எனக்குச் சலிக்காத வேலை என்பது இன்றுதான் உறைத்தது. அலுவலகத்தில் அடுத்தவர் கணக்கை அப்படித்தான் பார்க்கிறேன். நம் வீட்டுக் கணக்குக்கும் அதே கண் உதவும்.

படித்ததில் கிடைத்தது: கார்டுக்கு மாதம் 3 சதவீதம் வட்டி. கேட்கச் சின்னதாக இருக்கிறது. வட்டிக்கு வட்டி சேரும்போது வருடத்துக்கு 42 சதவீதத்தைத் தாண்டுகிறது. வாகனக் கடனில் போட்டிருப்பது 10 சதவீதம்தான், ஆனால் ஃப்ளாட் ரேட். அசல் குறைந்துகொண்டே வந்தாலும் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே வட்டி போடும் முறை அது. மூன்று வருடக் கடனில், குறையும் நிலுவைக்கு வட்டி போடும் கணக்குக்கு மாற்றினால் ஏறத்தாழ 18 சதவீதம்.

ஜனவரி 19

எதை முதலில் அடைப்பது? வட்டி அதிகமானதை என்றேன் நான். சின்னத் தொகையை முடித்தால் ஒரு பெயராவது பட்டியலிலிருந்து போகும், மனசுக்குத் தெம்பு என்றார் இவர். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வருடக்கணக்கில் தாக்குப்பிடிக்க வேண்டிய வேலைக்குத் தெம்பும் வேண்டும்தான். ஆனால் இங்கே சின்னத் தொகை என்பது வட்டியே இல்லாத கைமாற்று. கார்டு 42-ல் ஓடும்போது அதை முதலில் அடைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கார்டுதான் முதலில் என்று முடிவானது.

அப்படியானால் அண்ணனிடம் யார் சொல்வது? நான் தயங்கினேன். இவர் உடனே போனை எடுத்தார். “அண்ணா, உங்க பணம் கொஞ்சம் லேட்டாத்தான் வரும். ஆனா ஒவ்வொரு மாசமும் நிலைமை என்னன்னு நானே கூப்பிட்டுச் சொல்லிடுறேன், நீங்க கேக்க வேண்டாம்.” குழையவும் இல்லை, விறைக்கவும் இல்லை. எனக்கு இந்த ஜென்மத்தில் வராத பேச்சு அது. இனி மனிதர்களிடம் பேசுவது அவர் பொறுப்பு, காகிதம் என் பொறுப்பு.

பிப்ரவரி 2

கார்டு அலமாரிக்குள் போய்விட்டது. பழைய பாக்கி நிற்கும்வரை, புதிதாக வாங்குவதற்கும் வட்டியில்லா நாட்கள் பொதுவாகக் கிடைக்காது. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும்.

மார்ச் 14

கார்டு பாக்கியைக் குறைந்த வட்டித் தவணையாக மாற்றித் தரச் சொல்லி வங்கிக்குப் போன் போட்டுக் கேட்டேன். மனிதர்களிடம் பேசுவது அவர் பொறுப்புதான். ஆனால் இது காகிதப் பேச்சு. முடியாது என்றார் மறுமுனையில் இருந்தவர். நான் கோபப்படவில்லை, போனையும் வைக்கவில்லை. “சரி, இதை முடிவு பண்றவர் யாருங்க?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தேன். அந்த மௌனம் எனக்குக் கஷ்டமாகவே இல்லை. அவர்தான் பேச ஆரம்பித்தார், இன்னொருவருக்கு இணைப்பு மாறியது, கடைசியில் சம்மதித்தார்கள். ஒருமுறைக் கட்டணம் உண்டு. அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, லாபம்தான் என்று தெரிந்த பிறகே சரி சொன்னேன்.

என்னை அமுக்கமானவள் என்று குறையாகச் சொல்வார்கள். அந்த அமுக்கம் இன்று வீட்டுக்குப் பணம் மிச்சப்படுத்தியது.

ஏப்ரல் 30

எதிர்பாராத மருத்துவச் செலவு. கடனுக்குக் கூடுதலாகக் கட்டத் தொடங்கும் முன்பே கொஞ்சம் தனியாக எடுத்து வைத்திருந்தோம், அதனால் கார்டைத் தொடாமல் சமாளித்தோம். அந்த இருப்பைத் திரும்ப நிரப்பும்வரை கூடுதல் கட்டுவதை நிறுத்தி வைக்கிறோம். இதில் எனக்கு வருத்தமே இல்லை.

மகளிடம் எல்லாம் சொல்லிவிட்டோம். மறைத்தால் அவள் கற்பனை நிஜத்தைவிடப் பயங்கரமாக இருக்கும். கேட்டுவிட்டு, யாருமே பார்க்காமல் மாதாமாதம் பணம் போய்க்கொண்டிருந்த சந்தாக்களை அவளே தேடிப் பிடித்து நிறுத்தினாள்.

ஜூலை 11

வீட்டுக் கடனின் தவணை அட்டவணையைப் பார்த்தேன். 20 வருடம், 9 சதவீதம். முதல் தவணையில் நூற்றுக்கு 83 பங்கு வட்டிக்கே போயிருக்கிறது. கூடுதலாக அசலில் கட்டும்போது தவணைத் தொகையைக் குறைக்கலாம், அல்லது காலத்தைக் குறைக்கலாம். வட்டி அதிகம் மிச்சமாவது காலத்தைக் குறைத்தால்தான், அதை வாய்விட்டுக் கேட்க வேண்டும். கார்டு முடியட்டும், அப்புறம் இதற்கு வருவோம்.

செப்டம்பர் 27

கார்டு பாக்கி தீர்ந்தது. நிலுவை இல்லை என்ற கடிதத்தைக் கேட்டு வாங்கி நோட்டில் ஒட்டினேன். கடன் அறிக்கையிலும் அது பதிவாகிறதா என்று பார்க்க வேண்டும்.

இதுவரை கார்டுக்குப் போன தொகை அடுத்து வாகனக் கடனுக்கு. இப்போதே முடித்தால் எவ்வளவு வட்டி மிச்சம், கட்டணம் எவ்வளவு என்று கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் வந்ததும் கணக்கைத் தானே போட்டுப் பார்ப்பதாக இவர் சொல்லியிருக்கிறார்.