கையளவு வண்டியில் கருங்கல் ஏறுதல்: எங்கள் வீட்டுப் பாறையேறி வண்டிகள்

ராக் கிராலர் எனப்படும் பாறையேறி ரிமோட் வண்டிகள் மிக மெதுவாகச் செல்பவை. ஒரு முழ நீளக் கல்லைத் தாண்ட ஐந்து நிமிடம் ஆனாலும் அதை யாரும் தாமதமாகக் கருதுவதில்லை. இந்த நிதானத்தால்தான் இது எங்கள் வீட்டில் என் மாமனாருக்கும் மனைவிக்கும் எட்டு வயது மகளுக்கும் ஒருசேரப் பிடித்த பொழுதுபோக்காக நிலைத்திருக்கிறது என்று நம்புகிறேன். வேகமாக ஓடும் ரிமோட் காரில் விரல் வேகமுள்ளவரே வெல்வார். இங்கே கல்லைப் பார்த்து யோசிப்பவருக்கு வழி கிடைக்கிறது.

எங்களிடம் இரண்டு வண்டிகள் இருக்கின்றன. மகளுடையது ஆக்சியல் நிறுவனத்தின் எஸ்சிஎக்ஸ்24. 1/24 அளவில் (உண்மை வண்டியின் இருபத்து நான்கில் ஒரு பங்கு), ஜீப் ராங்ளர் உடலுடன், இரு அச்சுகளுக்கும் இடையே சுமார் 134 மில்லிமீட்டர் இடைவெளி கொண்டது. மற்றொன்று 2022-இல் டிராக்சஸ் வெளியிட்ட டிஆர்எக்ஸ்-4எம். 1/18 அளவில் லேண்ட் ரோவர் டிஃபெண்டர் உடல், அச்சு இடைவெளி 155 மில்லிமீட்டர். பெரிய 1/10 வண்டிகளுக்கு உண்மையான குன்றையோ ஓடைக்கரையையோ தேடிப் போக வேண்டும். 1/24 வண்டிக்கோ 10 சென்டிமீட்டர் உயரக் கல் என்பது 2.4 மீட்டர் பாறைக்குச் சமம் என்பதால், கொல்லையில் கிடக்கும் கற்களே போதுமான மலைத்தொடர் ஆகிவிடுகின்றன.

கிருஷ்ணகிரிப் பக்கம் கருங்கல்லுக்குப் பஞ்சமில்லை. பட்டறைகளில் கழித்துப் போட்ட துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்து, வேப்பமரத்தடியில் மண் மேடு எழுப்பி, அதில் பாதி புதையும்படி பதித்தோம். மெருகேற்றிய பக்கத்தில் டயர் வழுக்குவதால் உடைந்த சொரசொரப்பான பக்கமே மேலே இருக்க வேண்டும். மழை பெய்தால் மண் கரைந்து கற்கள் சாய்ந்துவிடும். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் தடம் புதிதாகிவிடுவதை நாங்கள் குறையாக எண்ணவில்லை. வெயில் காலத்தில் கருங்கல் நெருப்பாய்க் கொதிப்பதால் காலையிலும் மாலையிலும் மட்டுமே ஓட்டுகிறோம்.

ஓட்டும் முறையில் எங்களுக்கு ஆசான் மாமனார்தான். தொப்பூர் கணவாயில் பல ஆண்டுகள் லாரி ஓட்டியவர் அவர். "முன் சக்கரம் ஏறிட்டா சந்தோஷப்படாதே பாப்பா, பின் சக்கரம் எங்க வரப்போகுதுன்னு பாரு" என்று பேத்தியிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். அது மிகச் சரியான பேச்சு. ஓர் அச்சின் இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரென்ஷியல் என்ற பல்சக்கர அமைப்பு இவ்வகை வண்டிகளில் கிடையாது. ஓர் அச்சின் இரு சக்கரங்களும் எப்போதும் சேர்ந்தே சுழலும். ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றாலும் மற்றது கல்லைப் பற்றி இழுக்கும் என்பது இதன் பயன். திருப்பம் அகலமாகும் என்பது இதற்கான விலை. ஆகவே கல்லின் முன்னால் வந்து நின்று திருப்பிக்கொள்ளலாம் என்று எண்ணாமல், ஒரு வண்டி நீளத்துக்கு முன்பே கோணத்தை முடிவு செய்துவிட வேண்டியிருக்கிறது.

டயர் கல்லைப் பற்றும் விதத்தைத் தரையோடு குனிந்து பார்த்தால்தான் இதன் அழகு புரியும். கல்லின் விளிம்பில் முன் டயர் முட்டியதும் உள்ளே இருக்கும் பஞ்சு அமுங்க, ரப்பர் உள்வாங்கி, அதன் மேலுள்ள புடைப்புகளில் ஒன்று ஏதோ ஒரு படிகத் துருத்தலில் மாட்டிக்கொள்கிறது. அந்த நொடியில் ரிமோட்டின் விசையை மயிரிழை அளவு கூட்டினால் வண்டி முனகிக்கொண்டு மேலேறும். சற்று அதிகமாக அழுத்தினால் பிடிப்பு விட்டுச் சக்கரம் வெறுமனே சுற்றும். என் மகள் இப்போது அந்தப் பிடிப்பைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே மோட்டாரின் ஓசையிலிருந்து அறிந்துகொள்கிறாள்.

நாங்கள் அதிகம் செய்து பார்த்தது எடை விஷயத்தில்தான். செங்குத்தான ஏற்றத்தில் வண்டியின் பாரம் பின்புறம் சாய்கிறது. எடைமையத்திலிருந்து நேர்கீழே விழும் கோடு பின் சக்கரம் தரையைத் தொடும் இடத்தைக் கடந்ததும் வண்டி மல்லாந்துவிடும். இதைத் தடுக்க எடை தாழ்வாகவும் முன்பக்கத்திலும் இருக்க வேண்டும். எனவே எஸ்சிஎக்ஸ்24-இன் முன் சக்கரங்களுக்குள் பித்தளை வளையங்களைப் பொருத்தி, அதே கல்லில் அதே கோணத்தில் ஏற்றிப் பார்த்தோம். முன்பு மல்லாந்த இடத்தில் வண்டி நின்று நிதானித்து ஏறியது. பித்தளையைக் கூட்டிக்கொண்டே போனால் முன் சக்கரங்களைத் திருப்பும் சர்வோ என்ற கருவியும் வண்டியை ஓட்டும் சிறிய மோட்டாரும் திணறும் என்பதால் அத்துடன் நிறுத்திக்கொண்டோம். கூரை மேல் ஏணியும் மாற்றுச் சக்கரமும் வேண்டும் என்று மகள் விரும்பினாள். அங்கே ஏறும் ஒவ்வொரு கிராமும் வண்டியைக் கவிழ்க்கப் பார்க்கும் என்பதை அவளே சரிவில் ஓட்டிப் பார்த்து உணர்ந்த பின், என் மனைவி தெர்மாகோலில் பெட்டிகளும் சுருட்டிய பாயும் செதுக்கி வண்ணம் பூசிக் கொடுத்தார். பார்வைக்குப் பெரும் பாரம், உண்மையில் எடையே இல்லை.

பேட்டரி விஷயம் பெரியவர்கள் பொறுப்பு. இரண்டு வண்டிகளிலும் இருப்பவை இரு செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரிகள், செல்லுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றக்கூடாது, 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விடக்கூடாது. சில நாட்கள் ஓட்டப்போவதில்லை என்றால் 3.8 வோல்ட் அளவில் இறக்கி வைக்கிறோம். ஆளில்லாத அறையில் சார்ஜ் போடுவதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் வாசல் விளையாட்டு நடக்கும். இரண்டு ஐஸ் குச்சிகளை நட்டால் ஒரு வாசல். வண்டி அவற்றைத் தொடாமல் நடுவே செல்ல வேண்டும். குச்சியைத் தொட்டால் பத்து புள்ளி, பின்னோக்கி நகர்த்தினால் ஒன்று, கையால் தூக்கி வைத்தால் அதற்கென நாங்களே வைத்த தண்டம். குறைந்த புள்ளி பெற்றவரே வெற்றியாளர். ஒருவர் ஓட்டும்போது இன்னொருவர் கல்லருகே உட்கார்ந்து வழி சொல்லலாம் என்ற விதியை மனைவி சேர்த்த பிறகு ஆட்டம் இன்னும் செழித்தது. வழி சொல்பவரும் ஓட்டுபவரும் ஒத்துப்போகாவிட்டால் எந்த வாசலும் கடக்க முடியாது. தாத்தாவும் பேத்தியும் சேர்ந்த அணியை நாங்கள் இருவரும் இதுவரை அரிதாகவே வென்றிருக்கிறோம்.

இப்போது இரு மேடுகளுக்கு இடையே மூங்கில் பிளாச்சுகளால் ஒரு பாலம் கட்டிக்கொண்டிருக்கிறோம். அதன் அகலம் சிறிய வண்டிக்கு மட்டும் போதுமா, பெரியதும் போக வேண்டுமா என்பதில் வீட்டில் இன்னும் பேச்சு முடியவில்லை. பெரியதற்கும் இடம் விட வேண்டும் என்பது என் கட்சி.