பதினைந்தாவது கொட்டை

மகனுக்கு ஆறு வயது. வருகிற ஆண்டு தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு சேரப்போகிறான். அதுவரை நானே வீட்டில் சொல்லிக்கொடுக்கிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக் குசினிதான் வகுப்பறை.

முதல் வாரம் கூட்டல் கணக்குத் தாள்களை அச்செடுத்துக் கொடுத்தேன். எல்லாம் கப்பலாகி வாளித் தண்ணீரில் மிதந்தன. எண்ணிப் பழகும் மொண்டிசோரி மணிகள் வாங்கலாமா என்று விலையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் கைப்பேசியை மூடி வைத்தேன். அப்புறம்தான் முட்டைப்பெட்டி கண்ணில் பட்டது. இங்கே முட்டையை 10, 30 என்றுதானே விற்கிறார்கள். பத்து முட்டைப் பெட்டியில் ஐந்து ஐந்தாக இரண்டு வரிசைக் குழி. ஏழு கொட்டை போட்டால் ஒரு வரிசை நிறைந்து இரண்டு மிச்சம் என்பதும், இன்னும் மூன்று குழி காலி என்பதும் எண்ணாமலே தெரியும். பத்துக்கு எத்தனை குறைகிறது என்பதைப் பிள்ளை பார்வையிலேயே பிடித்துக்கொள்கிறது. பெட்டியைக் காலி செய்ய முட்டைகளைத் தட்டில் அடுக்கினேன். இரண்டு உருண்டு போய்த் தரையில் உடைந்தன. "பத்துல ரெண்டு போனா எட்டு" என்றான். கழித்தலும் அன்றே முடிந்தது.

பத்துப் பத்தாக எண்ணச் சொன்னேன். இருபது, முப்பது என்று எண்பது வரை ரயில் மாதிரி ஓடியது. அடுத்து, "ஒன்பதுபது!"

சிரித்துவிட்டேன். யோசித்தால் தப்பு அவன்மேல் இல்லை. எட்டு ஒழுங்காக எண்பது ஆகும்போது, ஒன்பது மட்டும் ஏன் தொண்ணூறாகி நூற்றின் வாசலில் போய் நிற்கிறது? தொள்ளாயிரம் இன்னும் மோசம், ஆயிரத்தோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. மலாயில் இந்த வம்பே இல்லை, செம்பிலான் பூலோ, நேராக ஒன்பது பத்து. இப்போது அவன் எண்பது வரை தமிழில் வந்து, ஒரு செம்பிலான் பூலோ போட்டு, நூறுக்குத் தாவுகிறான். திருத்த எனக்கு மனம் வரவில்லை.

கொட்டை என்றேனே, அது ரப்பர் கொட்டை. சுற்றிலும் செம்பனை எண்ணெய்த் தோட்டமாகிவிட்டதால் பால்மரத்தைத் தேடித்தான் போக வேண்டும். மாமனார் தன் கூட்டாளியின் சின்னத் தோட்டத்தில் ஒரு பை நிறையப் பொறுக்கி வந்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு கொட்டையைச் சிமெண்டுத் தரையில் பரபரவென்று தேய்த்துப் பேரன் தொடையில் வைத்தார். அவன் துள்ளிய துள்ளலில் முட்டைப்பெட்டி பறந்தது. அடுத்த பத்து நிமிடத்தில் வீட்டில் சூடு வாங்காத ஆள் இல்லை. "தோட்டத்து லயத்துல நாங்கள்லாம் இப்படித்தான்மா வளர்ந்தோம்" என்றார் மாமா பெருமையாக.

மறுவாரம் வெடிக்காத முழுக் காய்கள் 12 கொண்டுவந்தார். காய்க்கு மூன்று அறை, அறைக்கு ஒரு கொட்டை. மூன்றாம் வாய்ப்பாட்டுக்கு இதைவிட நல்ல சாமான் எந்தக் கடையில் கிடைக்கும்? பிஸ்கட் டின்னில் போட்டு, மூடாமல், அடுப்புக்குப் பக்கத்து அலமாரி மேல் வைத்தேன். காய் காய்ந்தால் வெடிக்கும் என்று தெரியாதவள் இல்லை, நானும் தோட்டத்தில் பிறந்தவள்தான். மறந்துவிட்டேன்.

மறுநாள் பதினோரு மணி. அத்தை மீன் குழம்பை இறக்கி, கறிவேப்பிலை போட மூடியைத் திறந்தார்.

டப்! தகரக் கூரையில் ஏதோ மோதியது.

"எவன்டா கல்லு எறியிறது?"

டப்! டப்! அத்தை கையில் கரண்டியோடு வாசலுக்கு ஓடினார். தெருவில் ஆள் இல்லை. உள்ளே இன்னும் இரண்டு டப். அவ்வளவுதான், கை கூப்பிவிட்டார். "முனியாண்டி, சேவல் நேர்ந்துக்கிட்டு மூணு வருஷமா இழுத்தடிச்சது என் தப்புதான்!" இந்தச் சேவல் விவகாரம் அதுவரை எங்கள் யாருக்கும் தெரியாது. மாமா மேசைக்கு அடியிலிருந்து, "எந்தச் சேவல்?" என்று கேட்டார்.

மகன் நாற்காலி போட்டு ஏறி டின்னை எட்டிப் பார்த்தான். "ஏழு காய் இருக்கு. அப்போ அஞ்சு வெடிச்சிருக்கு." விரலை மடக்கி மூன்று மூன்றாகக் கூட்டினான். "பதினஞ்சு கொட்டை!"

புல்லரித்துப் போனது எனக்கு. ஒரு நிமிடம்தான். பதினைந்தும் கைக்கு வராமல் வாத்தியார் நகரவில்லை. அரிசி வாளியில், சாமி விளக்குக்குப் பின்னால், மாமாவின் சிலிப்பரில் என்று தேடித் தேடிப் பெட்டியை நிரப்பினோம். பத்துக் குழியும் நிறைந்து, வெளியே நான்கு.

"சில காய்ல ரெண்டுதான்டா இருக்கும்" என்றேன். எனக்குப் பசி.

"நீங்கதானே மூணுன்னு சொன்னீங்க?"

பதில் இல்லை. எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோம். அத்தை கரண்டியை அடிவரை விட்டுக் குழம்பை அள்ளினார். ஒரு துண்டு மீன், ஒரு வெண்டைக்காய், பக்கத்தில் பளபளவென்று புள்ளி போட்ட ஒரு சாமான்.

"புளியங்கொட்டையா இருக்கும்" என்றார் மாமா. அவருக்கும் பசி.

"பதினஞ்சு!" என்று கத்தினான் மகன்.

பச்சை ரப்பர் கொட்டையில் சயனைடு விஷம் உண்டு. வாயில் போடாதே என்று அவனுக்கு நான் நடத்திய முதல் பாடமே அதுதான். சட்டியோடு குழம்பு போனது. அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை, பேசியிருந்தால் தேவலை.

நானும் அவனும் மினி மார்க்கெட்டுக்கு ஓடி, சார்டின் டின்னும் பத்து முட்டைப் பெட்டி ஒன்றும் எடுத்தோம். ரசீதில் 17 வெள்ளி 43 காசு. வாங்கியது 17 வெள்ளி 45 காசு. 2008 ஏப்ரல் 1 முதல் ரொக்கக் கணக்கை ஐந்து காசுக்குச் சரிக்கட்டுகிறார்கள், 1, 2 என்றால் இறங்கும், 3, 4 என்றால் ஏறும் என்று வழியெல்லாம் விளக்கினேன். ஒரு கொட்டையை விடாதவன் இரண்டு காசை விடுவானா? "இன்னொரு தடவை 42 காசுக்கு வாங்குவோம். அவங்க ரெண்டு காசு திருப்பித் தந்த மாதிரி ஆயிடும்" என்றான்.

வீட்டுக்கு வந்து டின்னைத் திறந்துகொண்டிருந்தேன். பின்னால் சத்தமே இல்லை. திரும்பினால், வெளியே கிடந்த ஐந்து கொட்டைகளுக்கு இரண்டாவது பெட்டி வேண்டும் என்று புதுப் பெட்டியைத் திறந்து, முட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தான்.