வளைகோடு பொருந்திவிட்டால் போதுமா?

மதுரை பக்கத்துக் கப்பலூர் தொழிற்பேட்டைப் பட்டறைகளில் "வெல்டிங்கைக் கணினியில் செய்து பார்க்கிறேன்" என்று சொன்னால் முதலில் சிரிப்புதான் வரும். பிறகு, "பொறியே பறக்காதாமே, அது என்ன வெல்டிங்?" என்பார்கள். நியாயமான கேள்வி. ஃப்ரிக்‌ஷன் ஸ்டிர் வெல்டிங்கில் பொறியும் இல்லை, நிரப்புக் கம்பியும் இல்லை. சுழலும் எஃகு டூல் இரண்டு தகடுகள் சேரும் இடத்தில் இறங்கி, உராய்ந்து சூடேற்றி, இளகிய உலோகத்தைக் களி கிண்டுவதுபோல் கிண்டிக்கொண்டே நகர்கிறது. 1991-இல் இங்கிலாந்தின் வெல்டிங் இன்ஸ்டிடியூட்டில் பிறந்த முறை. 6061 அலுமினியம் 582 டிகிரியில் உருகத் தொடங்கும். வேலை அதற்குக் கீழேயே முடிந்துவிடுகிறது.

இதற்கு சிமுலேஷன் செய்ய வரும் பொறியியல் மாணவர்கள் எல்லோரும் மெஷ்ஷை, அதாவது கணக்குக்காக உலோகத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கும் வலையைக் கண்டுதான் பயப்படுகிறார்கள். உலோகத்தோடு ஒட்டிய மெஷ், டூல் சுற்றச் சுற்ற முறுக்கிக்கொண்டு கணக்கே நின்றுவிடும். மெஷ்ஷை நிற்க வைத்து உலோகத்தை அதனூடே ஓடவிட்டால் அந்தத் தொல்லை தீரும். சில விநாடி வெல்டிங்குக்குக் கணினி நாள்கணக்கில் ஓடும், நடுவில் மின்சாரம் போகும். அவ்வளவுதான்.

உண்மையான சிக்கல் இரண்டு எண்களில் இருக்கிறது. ஒன்று, டூலுக்கும் தகடுக்கும் இடையிலான உராய்வுக் கெழு. மற்றொன்று, தகடிலிருந்து அதைக் கீழே தாங்கும் அடித்தகடுக்கு வெப்பம் எவ்வளவு எளிதாக இறங்குகிறது என்பது. இரண்டையும் நேராக அளக்க வழியில்லை. ஆகவே தெர்மோகப்பிள் என்ற வெப்ப உணரி காட்டிய வெப்பநிலையோடு பொருந்தும்வரை இரண்டையும் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ஒருநாள் கணினி தந்த சிவப்புக் கோடும் அளந்து வந்த நீலக் கோடும் ஒன்றன்மேல் ஒன்று படியும். முகமெல்லாம் சிரிப்பாக, "சார், பொருந்திவிட்டது!" என்று வந்து நிற்பார்கள்.

எனக்கு அந்தச் சிரிப்பைக் கெடுக்கும் வேலை. உராய்வைக் கூட்டி, கீழே இறங்கும் வெப்பத்தையும் கூட்டினால் ஏறக்குறைய அதே கோடு மறுபடி வரும். போதாததற்கு, அலுமினியம் சூடாகச் சூடாக வலு குறைகிறது. வலு குறைந்தால் உராய்ந்து பிறக்கும் வெப்பமும் குறைகிறது. உலோகம் தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்வதால், உள்ளே தவறான எண்ணைக் கொடுத்தாலும் உச்ச வெப்பநிலை நம்பும்படியாகவே வரும். அதை மட்டும் பொருத்திக் காட்டுவதைச் சரிபார்ப்பு என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

அதனால் மாணவர்களை, டூலைச் சுற்றி இந்த வெல்டிங்கைச் செய்யும் மில்லிங் மிஷினுக்கே அனுப்புகிறேன். மோட்டார் வயரில் கிளாம்ப் வகைப் பவர் மீட்டரை மாட்ட வேண்டும். ஆம்பியர் மட்டும் போதாது. பாரம் குறைந்த மோட்டாரில் பவர் ஃபேக்டர் (இழுக்கும் கரண்டில் உண்மையான வேலைக்குப் போகும் பங்கு) விழுந்துவிடும், கணக்கு ஏமாற்றும். முதலில் டூலை வெறுமனே சுற்றவிட்டு வாட்டைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு வெல்டிங் ஓடும்போது வரும் வாட்டிலிருந்து அதைக் கழிக்க வேண்டும். நிமிடத்துக்கு 1000 சுற்று, முறுக்குவிசை 15 நியூட்டன் மீட்டர் என்றால் சுமார் 1570 வாட். அதில் பெரும்பகுதி வெப்பமாகத்தான் மாறும். உள்ளே போகும் வெப்பம் தெரிந்தால் உராய்வு எண் கட்டுக்குள் வந்துவிடும். தெர்மோகப்பிளுக்கு மிச்சமிருப்பது அடித்தகடின் கணக்கு மட்டும்.

இவ்வளவுக்கும் பிறகு, தகடுகளுக்கு இடையே தலைமுடி அளவு இடைவெளி விழுந்தால் உள்ளே சுரங்கம்போல் துளை விழலாம். கச்சிதமாகச் சேர்ந்த தகடுகளையே அறிந்த கணினிக்கு அது தெரியாது. குறுக்கே அறுத்து, மெருகேற்றி, அமிலம் தடவித்தான் பார்க்க வேண்டும். "அதற்கு சிமுலேஷன் எதற்கு தம்பி?" என்று ஆபரேட்டர் அண்ணன் கேட்பார். ஆனால் மீட்டரை மட்டும் கழற்ற விடவில்லை. எந்த மிஷின் கரண்ட் பில்லை ஏற்றுகிறது என்று முதலாளிக்குக் காட்ட வேண்டுமாம்.